படகு புறப்படுமுன் பத்து நிமிடம்

சிங்கப்பூரில் தூண்டில் மீன்பிடிப்புக்கும் தீவுச் சுற்றுலாவுக்கும் படகு அமர்த்தி ஆள் சேர்க்கும் தமிழ் நண்பர் குழுக்கள், ஊர்ச் சங்கங்கள், தங்குவிடுதிக் குழுக்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். துறைமுகத்துக்குள் ஓடும் இழுவைப் படகுகளிலும் பணியாளர் படகுகளிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது உங்களில் சிலரோடு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது, தூண்டிலும் கையுமாகக் கடலுக்கு வருகிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். படகு படித்துறையை விட்டுக் கிளம்புமுன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அந்தப் பத்து நிமிடத்தில், படகோட்டியைத் தவிர இன்னும் இரண்டு பேராவது அங்குள்ள வானொலிக் கருவியைக் கையில் எடுத்து, ஆபத்து வேளையில் உதவி கேட்பது எப்படி என்று கற்றுக்கொள்ளட்டும்.

உங்கள் ஏற்பாட்டில் குறை சொல்வதற்கில்லை. பிரியாணிப் பொட்டலம் எத்தனை, அதில் சைவம் எத்தனை, ஐஸ் பெட்டியை யார் தூக்கி வருவது, உயிர் இறால் எங்கே வாங்குவது என்று மூன்று நாளுக்கு முன்பே பட்டியல் வந்துவிடுகிறது. உயிர்காப்பு அங்கிகளைக்கூட இப்போது பலர் எண்ணிப் பார்க்கிறார்கள். ஆனால் படகில் வானொலி இருக்கிறதா, வேலை செய்கிறதா, தெக்கோங்குக்கு, அதாவது படகோட்டிக்கு, ஏதாவது ஆகிவிட்டால் அதை யார் இயக்குவது என்று இதுவரை ஒரு குழுவிலும் யாரும் கேட்டு நான் கண்டதில்லை. நானும் கேட்டதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்காமல் விட்டதன் விளைவை ஒரு நாள் நேரில் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுதத் தோன்றியது.

சாங்கிக்குக் கிழக்கே, நங்கூரமிட்ட கப்பல்களுக்குச் சற்றுத் தள்ளி, தெக்கோங்கோடு சேர்த்துப் பத்துப் பேர் இருந்தோம். அதிகாலையிலேயே கிளம்பியதால் நான் முகத்தின்மேல் தொப்பியைப் போட்டுக்கொண்டு படகின் முன்பக்கத்தில் தூங்கிவிட்டேன். வேறொரு இடத்துக்கு நகர்வதற்காக நங்கூரத்தை எடுத்த சில நிமிடங்களில், சுக்கான் பிடித்திருந்த தெக்கோங் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். யாரோ பதறிப்போய் இயந்திரத்தை நிறுத்தினார்கள். படகு நீரோட்டத்தோடு கப்பல் போகும் வழியை நோக்கி நகரத் தொடங்கியது. என்னை எழுப்பும்போது நான்கைந்து நிமிடங்கள் கடந்திருந்தன.

அந்த நான்கைந்து நிமிடங்களில் நடந்தவற்றைப் பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டுத் தொகுத்துக்கொண்டேன். ஒருவர் ஆம்புலன்ஸுக்கான 995ஐ அழைத்திருக்கிறார், அழைப்பு போகவில்லை. அவருடைய கைப்பேசி சற்று முன்புதான் மலேசியாவுக்கு வரவேற்புச் சொல்லும் குறுஞ்செய்தியைப் பெற்றிருந்தது. இன்னொருவர் பதற்றத்தில் மனைவியைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். கப்பல் பட்டறையில் ஏழு ஆண்டுகளாக வேலை செய்யும் ஒரு தம்பி மட்டும் சரியானதைச் செய்ய முயன்றார்: வானொலியின் மைக்கை எடுத்து, பொத்தானை அழுத்தி, "ஹலோ, ஹலோ, எமர்ஜென்சி" என்று திரும்பத் திரும்பக் கூவினார். பதிலே வரவில்லை. காரணம் இரண்டு. தெக்கோங் காலையில் நண்பரொருவரோடு பேசிய சேனலிலேயே கருவி இருந்தது. அந்நேரம் அந்தச் சேனலில் யாரும் இல்லை. அதைவிட முக்கியமானது, தம்பி பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே இல்லை.

கைப்பேசியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம், கேட்கலாம். படகு வானொலியில் அது நடக்காது. பொத்தானை அழுத்தியிருக்கும்வரை நம் கருவிக்குக் காது கிடையாது. யார் பதில் சொன்னாலும் நமக்குக் கேட்காது. அது மட்டுமன்று, சுற்றியிருப்பவர்கள் அந்தச் சேனலில் பேசவும் நாம் தடையாகிவிடுகிறோம். பயத்தில் மனிதன் எதையாவது இறுகப் பிடித்துக்கொள்வான். இங்கே அந்தப் பிடியே ஆபத்தாகிவிடுகிறது. அழுத்து, ஒரு நொடி பொறு, பேசு, "ஓவர்" சொல், விடு, கேள். சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அதை அந்தத் தம்பிக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அருகிலேயே தூங்கிக்கொண்டிருந்த நானும்தான்.

நான் எழுந்து 16ஆம் சேனலுக்கு மாற்றி அழைத்தேன். இரண்டு மூச்சு விடுவதற்குள் பதில் வந்தது. ரோந்துப் படகு வந்தது, தெக்கோங் பிழைத்தார். இன்று அவர் சுருட்டை விட்டுவிட்டார் என்றும், விடவில்லை என்றும் இருவிதமாகக் கேள்விப்படுகிறேன்.

கைப்பேசி இருக்கும்போது வானொலி எதற்கு என்ற கேள்விக்கு நம் கடலிலேயே பதில் இருக்கிறது. சிங்கப்பூரைச் சுற்றிக் கைப்பேசி நன்றாகவே வேலை செய்வதால், அது என்றும் கைவிடாது என்று நம்பிவிடுகிறோம். ஆனால் கிழக்கிலும் வடக்கிலும் மலேசியாவின் ஜோகூரிலுள்ள கைப்பேசிக் கோபுரங்களும், தெற்கே இந்தோனேசியாவின் பாத்தாமிலுள்ள கோபுரங்களும் நம் கைப்பேசியைத் தம் பக்கம் இழுக்கின்றன. அப்படி மாறிய கைப்பேசியில் 995 சிங்கப்பூரில் ஒலிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 999 மலேசியாவுக்கும் உரிய அவசர எண் என்பதால், அது ஒலித்தாலும் எந்தக் கரையில் ஒலிக்கிறது என்பது நிச்சயமில்லை. இவை எல்லாம் சரியாக அமைந்தாலும், தொலைபேசியில் நாம் பேசுவது ஒரே ஒருவரிடம். வானொலியில் பேசுவதை, எட்டும் தூரத்தில் 16ஆம் சேனலைக் கேட்டுக்கொண்டிருக்கும் அத்தனை பேரும் கேட்கிறார்கள்: கடல்துறை மற்றும் துறைமுக ஆணையத்தின் கட்டுப்பாட்டு நிலையம், நங்கூரமிட்ட எண்ணெய்க் கப்பலில் கண்காணிப்புப் பணியிலிருக்கும் அதிகாரி, அரை மைல் தள்ளிப் போகும் இழுவைப் படகு எல்லாரும். மூழ்குகிறவனுக்கு முதலில் கை நீட்டப்போகிறவர் பக்கத்துக் கப்பல்காரராகவே இருக்கலாம். அவருடைய தொலைபேசி எண் நம்மில் எவரிடமும் இல்லை. கைப்பேசியிலும் முயலுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவர் கைப்பேசியில் அழைக்கும்போதே இன்னொருவர் வானொலியில் அழைக்கட்டும்.

16ஆம் சேனல் என்பது 156.8 மெகாஹெர்ட்ஸ். உலகம் முழுவதும் ஆபத்துக்கும் முதல் அழைப்புக்கும் இதுவே. பெரும்பாலான கருவிகளில் இதற்கெனத் தனிப் பொத்தான் இருக்கும். அதன்மேலேயே 16 என்று எழுதியிருக்கும், சிலவற்றில் சிவப்பு நிறத்திலும் இருக்கும். படகில் பொருத்திய கருவி 25 வாட் வரை அனுப்பும். கையடக்கக் கருவி பொதுவாக 5 அல்லது 6 வாட். சிலவற்றில் 1 வாட்டுக்குக் குறைக்கும் பொத்தானும் உண்டு. ஆபத்தில் அது முழு அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்பவை. எட்டும் தூரத்தை வாட்டைவிட ஆன்டெனாவின் உயரமே பெரிதும் தீர்மானிக்கிறது. ஆகவே கையடக்கக் கருவியோடு படகின் தரையில் குனிந்து உட்கார்ந்து பேசக் கூடாது. நின்று பேச முடிந்தால் நின்று பேச வேண்டும். நம் நீர்ப்பகுதியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கப்பலாவது தெரியும். கண்ணுக்குத் தெரியும் கப்பலுக்குச் சிறிய கருவியின் குரலும் அநேகமாக எட்டும்.

இனி, சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். கட்டாயம் மனத்தில் பதிய வேண்டியது இதுதான் என்பதால், காற்றில் ஒலிக்கும் விதமாகவே எழுதுகிறேன்:

"மேடே, மேடே, மேடே. திஸ் இஸ்" – படகின் பெயர், மூன்று முறை. "மேடே" – படகின் பெயர், ஒரு முறை. "மை பொசிஷன் ஒன் மைல் சவுத் ஆஃப் கூசு ஐலண்ட். ஸ்கிப்பர் அன்கான்ஷியஸ், போட் டிரிஃப்டிங். ஐ ரிக்வயர் இமீடியட் அசிஸ்டன்ஸ். டென் பெர்சன்ஸ் ஆன் போர்ட். ஓவர்."

அவ்வளவுதான். படகின் வானொலிக்குரிய அழைப்புக் குறியும் (கால் சைன்) ஒன்பது இலக்க அடையாள எண்ணும் தெரிந்தால் படகின் பெயரோடு சேர்த்துச் சொல்லலாம். தெரியாவிட்டால் அவற்றைத் தேடிக்கொண்டிராமல் மேலே போக வேண்டும். பெயரை அடுத்து உடனே இடத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாதிப் பேச்சில் மின்கலம் நனைந்து கருவி ஊமையாகிவிட்டாலும், எங்கே வர வேண்டும் என்பது மட்டுமாவது போய்ச் சேர்ந்திருக்கும். என்ன நேர்ந்தது என்று கதையாக விரிக்கக் கூடாது: தீ, மூழ்குகிறது, ஆள் கடலில் விழுந்தார், படகோட்டி மயங்கினார் என்று ஒரு சொல், இரு சொல் போதும். எத்தனை பேர் என்பதை மறக்கவே கூடாது. எத்தனை பேரைத் தேட வேண்டும், எப்போது தேடலை நிறுத்தலாம் என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது. பதில் வராவிட்டால் சிறிது நேரம் கேட்டுவிட்டு மீண்டும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

இடத்தைச் சொல்வதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். கூசுத் தீவு, புலாவ் உபின், ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம் என்று தெரிந்த இடம் ஏதேனும் கண்ணில் பட்டால், அதிலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று சொன்னால் போதும். இல்லையென்றால் படகின் கருவியிலோ கைப்பேசியிலோ தெரியும் எண்களைப் படிக்கலாம். கைப்பேசிக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் செயற்கைக்கோள்வழி இடங்காட்டும் வசதி வேலை செய்யும். ஆனால் ஓர் எச்சரிக்கை. கைப்பேசிகள் பல, இடத்தைப் பாகையிலும் (டிகிரி) தசமத்திலும் காட்டுகின்றன. கப்பல்காரர்களோ பாகையிலும் கலையிலும் (மினிட், பாகையில் அறுபதில் ஒரு பங்கு) கேட்டுப் பழகியவர்கள். திரையில் 1.28 என்று இருப்பதை "ஒன் டிகிரி ட்வென்டி எய்ட் மினிட்ஸ்" என்று படித்துவிட்டால், அது உண்மையான இடத்திலிருந்து 11 கடல் மைலுக்கு மேல் வடக்கே தள்ளிப் போய்விடும், 1.28 பாகை என்பது 1 பாகை 16.8 கலை. சாங்கிக்குக் கிழக்கே தத்தளிக்கும் படகை நம் வாயாலேயே ஜோகூருக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவோம். ஆகையால் புள்ளி இருந்தால் புள்ளியோடே படியுங்கள்: "ஒன் டெசிமல் டூ எய்ட் டிகிரீஸ் நார்த்". எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். "ஃபிஃப்டீன்" எது, "ஃபிஃப்டி" எது என்று காற்றிரைச்சலில் எவருக்கும் பிரித்தறிய முடியாது.

இங்கேதான் நம்மவர்களுக்கே உரிய தயக்கமொன்று வருகிறது. உங்களுக்கு நான் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். அன்று கரை சேர்ந்த பிறகு அந்தத் தம்பி என்னிடம் சொன்னார்: "சேனல் மாத்தணும்னு தோணுச்சுண்ணே. ஆனா பெரிய ஆபீஸருங்க கேக்குற லைன்ல நம்ம இங்கிலீஷு தப்பாப் போனா ஃபைன் போட்ருவாங்களோன்னு பயமா இருந்துச்சு." பட்டறையில் நாள் முழுதும் வங்காளியோடும் சீனரோடும் பிலிப்பீன்ஸ்காரரோடும் ஆங்கிலத்தில் வேலை வாங்குகிற ஒருவர், உயிர் போகும் நேரத்தில் இலக்கணத்துக்கு அஞ்சியிருக்கிறார்.

அந்த அச்சத்துக்கு இடமே இல்லை. முதலில், "மேடே" என்பதே ஆங்கிலச் சொல்லன்று. மே தினத்தோடும் அதற்கு உறவில்லை. 1920களில் லண்டனை அடுத்த குரோய்டன் விமான நிலையத்துக்கும் பாரிஸுக்கும் இடையே விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. இரு நாட்டு விமானிகளும் எளிதில் புரிந்துகொள்ளும் ஒரு சொல் வேண்டும் என்று குரோய்டனின் வானொலி அதிகாரி ஃபிரெடெரிக் மாக்ஃபோர்டிடம் கேட்டபோது, "எனக்கு உதவு" என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியிலிருந்து அவர் இதை உருவாக்கினார். 1927இல் வாஷிங்டனில் கூடிய அனைத்துலக மாநாடு அதை ஏற்றுக்கொண்டது. மொழி தெரியாதவர்கள் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்வதற்காகவே பிறந்த சொல்லைச் சொல்வதற்கு மொழித்திறன் போதவில்லையே என்று தயங்குவது வேடிக்கை. இரண்டாவதாக, சிங்கப்பூர் நீரிணையில் அதைக் கேட்கப்போகும் அதிகாரிகளில் பெரும்பாலோருக்கும் ஆங்கிலம் தாய்மொழியன்று. பிலிப்பீன்ஸ், சீனா, மியன்மார், இந்தியா என்று பல நாட்டவர்கள் அவர்கள். வேகமாகவும் அழகாகவும் பேசுகிறவரைவிட, நிறுத்தி நிதானமாகப் பத்துச் சொல் சொல்லுகிறவரையே அவர்கள் நன்கு புரிந்துகொள்வார்கள். மூன்றாவதாக, உரிமம் இல்லாதவர் சாதாரண நாளில் வானொலியில் பேசக் கூடாதுதான்; ஆனால் ஆபத்திலுள்ள படகு தன்னிடமுள்ள எந்த வானொலி வழியையும் பயன்படுத்தி உதவி கேட்பதை அனைத்துலக வானொலி விதிகள் தடுப்பதில்லை. வேண்டுமென்றே பொய்யாக அழைப்பதுதான் குற்றம். உண்மையாக அஞ்சி அழைத்தவரைத் தண்டிப்பதற்காக இந்த ஏற்பாடு இல்லை.

எல்லாவற்றுக்கும் "மேடே" சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உயிருக்கோ படகுக்கோ உடனடி ஆபத்து என்றால் மட்டுமே அது. இயந்திரம் நின்றுவிட்டது, ஆனால் நங்கூரம் பிடித்திருக்கிறது, எல்லாரும் நலம் என்றால், "பான் பான்" என்பதை மூன்று முறை சொல்லி உதவி கேட்கலாம். அதே நின்றுபோன இயந்திரத்தோடு கப்பல் வழிக்குள் மிதந்துகொண்டிருந்தால், என் கணக்கில் அது "மேடே"தான். எதிரே வரும் பெரிய கப்பல் நினைத்த இடத்தில் நிற்காது. வேறொரு படகின் "மேடே" காதில் விழுந்தால் முதலில் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். சொல்லப்படும் இடத்தையும் பெயரையும் கையில் கிடைத்ததில் குறித்துக்கொள்ள வேண்டும். யாருமே பதில் தராவிட்டால் மட்டும், "மேடே ரிலே" என்று தொடங்கி, அது இன்னொருவர் அழைப்பு என்பதைத் தெளிவாக்கி, நாம் அதைக் கடத்திவிடலாம்.

புதிய கருவிகளில் மூடியிட்ட சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். மூடியைத் திறந்து, சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், 70ஆம் சேனல் வழியாகப் படகின் அடையாள எண்ணும் இடமும் எண்முறைச் செய்தியாகச் சென்று, சுற்றியுள்ள கப்பல்களின் கட்டுப்பாட்டு அறைகளில் மணியடிக்கும். யாராவது ஏற்றுக்கொள்ளும்வரை சுமார் நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை தானாகவே மீண்டும் செல்லும். அதை அழுத்திய பின்னும் 16இல் வாயால் சொல்லத்தான் வேண்டும். இந்தப் பொத்தான் முழுமையாகப் பயன்பட இரண்டு நிபந்தனைகள் உண்டு: படகின் ஒன்பது இலக்க எண் கருவியில் பதிந்திருக்க வேண்டும், இடங்காட்டும் கருவியோடு அது இணைந்திருக்க வேண்டும். சிங்கப்பூர்ப் படகுகளின் எண் 563, 564, 565, 566 ஆகியவற்றில் ஒன்றைக்கொண்டு தொடங்கும். படகு அமர்த்தும்போது இதை உரிமையாளரிடம் கேளுங்கள். விழித்தாரானால் உங்களுக்கே தெரிந்துவிடும். குழந்தைகள் தவறுதலாக அழுத்திவிட்டால், பயந்துபோய்க் கருவியை அணைத்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. 16இல் படகின் பெயரைச் சொல்லி, அந்த அழைப்பு தவறானது, ரத்து செய்கிறோம் என்று அறிவிக்க வேண்டும். சொல்லாமல் விட்டால், இல்லாத ஆபத்தைத் தேடிப் படகுகள் புறப்பட்டுவிடும்.

இத்தனையும் பத்து நிமிடத்தில் அடங்குமா என்று கேட்பீர்கள். அடங்காது. ஆனால் கருவியை எங்கே அழுத்தி இயக்க வேண்டும், 16ஐ எப்படி எடுப்பது, பொத்தானை எப்போது விடுவது, எந்த வரிசையில் சொல்வது என்ற நான்கும் அடங்கும். மற்றவற்றை ஓர் அட்டையில் தமிழ் எழுத்தில் அச்சிட்டு, நனையாதபடி பிளாஸ்டிக் உறையிட்டு, கருவிக்குப் பக்கத்தில் மாட்டிவிடலாம். அன்றைய படகின் பெயரையும் ஆள் எண்ணிக்கையையும் எழுத அதில் வெற்றிடம் விடுங்கள். அமர்த்திய படகின் பெயரே பாதிப் பேருக்குத் தெரியாமல் போகும் பயணங்களை நான் பார்த்திருக்கிறேன். பயிற்சியை மட்டும் தயவுசெய்து காற்றில் செய்யாதீர்கள். ஒத்திகை "மேடே" என்று ஒன்று கிடையாது. 16இல் ஒலித்தால் அது உண்மையான அழைப்புதான். அணைத்த கருவியின் மைக்கைப் பிடித்தோ, தண்ணீர்ப் புட்டியைப் பிடித்தோ பழகுங்கள். கருவி வேலை செய்கிறதா என்று சோதிப்பதைத் தெக்கோங்கே அதற்குரிய சேனலில் செய்துகொள்ளட்டும். அவர் செய்தாரா என்று கேட்பது உங்கள் பொறுப்பு.

தெக்கோங்குகள் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். நான் பேசிப் பார்த்த மூவரில் இருவர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்கள். மூன்றாமவர், "என் ரேடியோவைத் தொட்டால் கையை வெட்டுவேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு அவரே கருவியைத் திறந்து காட்டினார். அதில் மின்கலம் இல்லை.

உங்கள் அடுத்த பயணத்தின் நாளையும் படித்துறையையும் குழுவின் பொறுப்பாளர் வழியாக எனக்குத் தெரிவித்தால் போதும். சாங்கியானாலும் மரினா சவுத் ஆனாலும் படகு கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே வந்துவிடுவேன். என்னிடம் மின்கலம் கழற்றிய பழைய கையடக்கக் கருவிகள் இரண்டு இருக்கின்றன. முதலில் அந்தத் தம்பியைத்தான் பேசச் சொல்லப்போகிறேன். அவர் இப்போது என்னைவிட நிதானமாகச் சொல்கிறார்.

இப்படிக்கு,
உங்களோடு தூண்டில் போடும் பழைய படகுக்காரன்